முகத்தை மறைத்து முன்னுக்கு வந்தவர்

இரண்டாம் வரிசை நாயகர்கள்
ஹாலிவுட்டின் பிரிட்டிஷ் குணச்சித்திர நடிகர்கள் – வரலாற்றுத் தொடர் – 9

சென்ற வாரம் சி. ஆப்ரி ஸ்மித்தைப் பார்த்தோம். இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர். 1932-ல் ஹாலிவுட் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கியவர். அடர்ந்த புருவம், கம்பீரமான மீசை, நிமிர்ந்த முதுகு என்று வீட்டில் எப்படி இருந்தாரோ, கிட்டத்தட்ட அப்படியே திரையிலும் வந்து நின்றார். ரசிகர்கள் அவரிடம் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

இந்த வாரம் வருகிறவர் வேறு ரகம். திரையில் கேட்ட அந்தக் குரல், திருத்தமான உச்சரிப்பு, பிரபுக்களுக்குரிய தோரணை எதுவுமே அவருக்குப் பிறப்பில் வாய்த்ததில்லை. ஒவ்வொன்றையும் பாடுபட்டுச் சேர்த்தார். சேர்த்ததை வைத்துக்கொண்டு ஹாலிவுட்டின் துணைக் கதாபாத்திரங்களுக்கு அதுவரை அரிதாகவே கிடைத்த ஒன்றைக் கொடுத்தார்: தனக்குள்ளேயே போராடும் ஒரு மனசாட்சி. அவர் பெயர் கிளாட் ரெயின்ஸ்.

ரகரம் வராத பையன்

ஸ்மித் தென்னாப்பிரிக்காவில் டெஸ்ட் அணித்தலைவராகக் களமிறங்கிய அதே 1889-ல், நவம்பர் 10 அன்று, லண்டனின் தென்பகுதியில் பிறந்தார் வில்லியம் கிளாட் ரெயின்ஸ். அப்பா ஃப்ரெட் ரெயின்ஸ் நாடக நடிகர். பின்னாளில் மௌனப் படங்களிலும் வேலை பார்த்தவர். வீட்டில் கலை இருந்தது, காசு இல்லை. தெருவில் வளர்ந்த பையனின் பேச்சில் லண்டன் ஏழைகளின் காக்னி கொச்சை ஊறியிருந்தது. அதற்கு மேல் பேச்சில் குறை வேறு. ரகரம் நாக்கில் நிற்காது. தன் பெயரையே ‘வில்லி வெயின்ஸ்’ என்றுதான் சொல்லித் திரிந்தாராம். இதைப் பிற்காலத்தில் சொன்னவர் அவருடைய மகள் ஜெசிகா.

பத்து வயதில் ஹேமார்க்கெட் அரங்கில் ஒரு நாடகத்தில், கூட்டத்தில் ஒரு சிறுவனாக மேடை ஏறினார். பிறகு ஹிஸ் மெஜஸ்டிஸ் தியேட்டரில் எடுபிடி வேலை. நடிகர்களின் அறைக்கதவைத் தட்டி, உங்கள் காட்சி வருகிறது என்று சொல்லிவிட்டு ஓட வேண்டும். அங்கிருந்து, பக்கத் திரைக்குப் பின்னால் பிரதியோடு உட்கார்ந்து, மறந்த வசனத்தை எடுத்துக்கொடுக்கும் ப்ராம்ப்டர் ஆனார். அதற்கடுத்து மேடை நிர்வாகி.

இந்தப் படிகளில் ஏறிய வருடங்கள்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். பெரிய நடிகர்கள் ஒரே வசனத்தை ஒவ்வொரு இரவும் எப்படிச் சொல்கிறார்கள், எங்கே மூச்சு வாங்குகிறார்கள், எந்தச் சொல்லில் குரலைத் தாழ்த்தினால் அரங்கம் அடங்குகிறது என்பதையெல்லாம் பத்தடி தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த அரங்கின் முதலாளி ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ, அன்றைய லண்டன் மேடையின் பெரிய மனிதர்களில் ஒருவர். பையனிடம் சரக்கு இருக்கிறது, பேச்சுதான் தடை என்பதைக் கண்டுகொண்டு, உச்சரிப்புப் பயிற்சிக்குத் தன் கையிலிருந்து பணம் கொடுத்தார். ரெயின்ஸ் அந்தப் பணத்தை வீணாக்கவில்லை. நாக்கைப் பழக்கினார், திரும்பத் திரும்பச் சொல்லி ரகரத்தை வசப்படுத்தினார், காக்னி கொச்சையை உதறினார். பின்னாளில் உலகம் முழுக்க ரசித்த அந்தப் பட்டுக்குரல் இப்படித்தான் உருவானது.

விமியில் போன கண்

முதல் உலகப் போர் வந்தது. ரெயின்ஸ் லண்டன் ஸ்காட்டிஷ் படைப்பிரிவில் சேர்ந்தார். பின்னாளில் ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்த பேசில் ராத்போன், ரொனால்ட் கோல்மன், ஹெர்பர்ட் மார்ஷல் மூவரும் அதே படைப்பிரிவில் இருந்தவர்கள். மார்ஷலுக்குப் போரில் ஒரு கால் போனது. கோல்மனுக்கும் காலில் பலத்த காயம். ரெயின்ஸுக்கோ 1916-ல் பிரான்சின் விமி பகுதியில் நடந்த நச்சுவாயுத் தாக்குதலில் வலது கண்ணின் பார்வை ஏறத்தாழ முழுவதும் போயிற்று.

சாதாரணச் சிப்பாயாகப் போனவர் போர் முடியும்போது கேப்டன். ஊர் திரும்பியதும் மறுபடி மேடை. பார்வை போனதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அவருடைய படங்களைப் பல முறை பார்த்தவர்களுக்குக்கூட இந்தச் செய்தி புதிதாக இருக்கும். தலையை லேசாகச் சாய்த்து, ஒரு புருவத்தை உயர்த்தி, எதிராளியைக் கூர்ந்து பார்க்கும் அந்தப் பார்வையை இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது மனம் கனத்துப்போகிறது.

1920-களில் அவருக்கு இன்னொரு பொறுப்பும் வந்தது: ராயல் அகாடமி ஆஃப் டிரமாட்டிக் ஆர்ட்டில் ஆசிரியர் வேலை. 1904-ல் அந்த அகாடமியை நிறுவியவர் வேறு யாருமில்லை, உச்சரிப்புப் பயிற்சிக்குப் பணம் கொடுத்த அதே பீர்போம் ட்ரீதான். அவரால் பேச்சு திருந்திய பையன், அவர் தொடங்கிய இடத்திலேயே அடுத்த தலைமுறைக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் படித்தவர்களில் இருவர் ஜான் கீல்குட், சார்லஸ் லாட்டன். இந்த இரண்டு பெயர்களை எடுத்துவிட்டால் இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில நடிப்பு வரலாற்றை எழுதவே முடியாது.

முகமே இல்லாத அறிமுகம்

1927-க்குப் பிறகு சினிமா பேசத் தொடங்கியதும் ஹாலிவுட்டுக்குக் குரல்பஞ்சம் வந்தது. மௌனப் படங்களின் அழகு முகங்கள் பல வாயைத் திறந்தால் எடுபடவில்லை. வசனத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த மேடை நடிகர்களைத் தேடி ஸ்டுடியோக்கள் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் ஆள் அனுப்பின. இந்தத் தொடரில் நாம் பார்க்கும் பலரையும் கடல் தாண்ட வைத்தது இந்தத் தேவைதான்.

ரெயின்ஸ் அப்போது ஏற்கெனவே அமெரிக்காவில் இருந்தார். 1926-ல் ஒரு நாடகத்துக்காக வந்தவர், நியூயார்க்கின் தியேட்டர் கில்டு குழுவில் நல்ல பெயர் எடுத்திருந்தார். ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ அவரை வைத்து ஸ்க்ரீன் டெஸ்ட் எடுத்துப் பார்த்தது. அரங்கின் கடைசி வரிசைக்கும் எட்டும்படி நடித்துப் பழகியவர், முகத்துக்கு மிக அருகில் இருந்த கேமரா முன்னாலும் அப்படியே நடித்தார். தேறவில்லை.

அந்த டெஸ்ட்தான் அவருக்கு வாழ்வு கொடுத்தது. யுனிவர்சல் ஸ்டுடியோவில் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எடுத்துப் புகழ்பெற்றிருந்த ஆங்கிலேய இயக்குநர் ஜேம்ஸ் வேல், எச்.ஜி. வெல்ஸின் 1897 நாவலான ‘தி இன்விசிபிள் மேன்’ கதையைப் படமாக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். முதலில் போரிஸ் கார்லாஃபுக்கு என்று வைத்திருந்த வேடம் அது; சம்பளத் தகராறில் அவர் விலகிவிட்டார். ரெயின்ஸின் நடிப்பு எப்படியிருந்தாலும் போகட்டும், இந்தக் குரல் எனக்கு வேண்டும் என்று முடிவெடுத்தார் வேல். படம் முழுக்க நாயகனின் முகம் தெரியப்போவதில்லை. குரல் ஒன்றுதான் அவன் முகம்.

தந்திரக்காட்சிகளை ஜான் பி. ஃபுல்டன் எடுத்த விதம் இன்றைக்கும் பிரமிப்பு தருவது. சுவர், தரை எல்லாம் கறுப்பு வெல்வெட் போர்த்திய ஒரு செட். தலை முதல் கைவிரல் வரை கறுப்பு வெல்வெட்டால் மூடிய ஒருவர், அதற்கு மேல் கதாபாத்திரத்தின் சட்டையையும் கோட்டையும் போட்டுக்கொண்டு நடப்பார். கறுப்பின் மேல் கறுப்பு பதிவாகாது. சட்டை மட்டும் தனியாக நடமாடும். பிறகு அந்தப் பிம்பத்தை ஆய்வுக்கூடத்தில் உண்மையான அறையின் காட்சியோடு அச்சில் இணைப்பார்கள். கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத 1933-ல் இது நடந்தது.

ஆனால் தந்திரம் ஆச்சரியத்தை மட்டும்தான் தரும். அந்தக் கட்டுப்போட்ட தலைக்குள் ஒரு மனிதன் இருக்கிறான் என்று நம்ப வைத்தது ரெயின்ஸின் குரல். தொடக்கத்தில் பனியில் நடந்துவந்து சத்திரத்தில் அறை கேட்கும்போது அதில் அதிகாரமும் களைப்பும் இருக்கின்றன. காதலியிடம் பேசும்போது குழைகிறது. உலகத்தையே ஆட்டிவைப்பேன் என்று சொல்லச் சொல்லக் குரல் மேலேறி, கடைசியில் பைத்தியத்தின் சிரிப்பாக உடைகிறது. மருந்து அவன் மூளையைத் தின்றுகொண்டே போவதை நாம் காதால் தெரிந்துகொள்கிறோம்.

கடைசிக் காட்சியில் அவன் சாகிறான். தலையணையில் முதலில் ஒரு பள்ளம், அப்புறம் எலும்புக்கூடு, அதன் மேல் மெல்ல மெல்ல ஒரு முகம். அமெரிக்க ரசிகர்கள் கிளாட் ரெயின்ஸின் முகத்தைத் திரையில் முதன்முதலாகப் பார்த்தது அந்தச் சில விநாடிகளில்தான். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்றைத் தாண்டியிருந்தது.

வார்னர் பட்டறை

1930-களின் நடுவிலிருந்து வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ அவருக்கு வீடு மாதிரி ஆயிற்று. அன்றைய ஸ்டுடியோ முறையில் ஒப்பந்த நடிகருக்கு ஓய்வு கிடையாது. ஒரு படம் முடிந்தால் அடுத்த செட். ‘அந்தோணி அட்வெர்ஸ்’ படத்தில் கொடூரமான பிரபு. ‘ஃபோர் டாட்டர்ஸ்’ படத்தில் நான்கு பெண்களைப் பெற்ற, முணுமுணுக்கும் இசைக்கலைஞர். 1938-ல் டெக்னிகலரில் வந்த ‘தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’ படத்தில் இளவரசர் ஜான். அந்தப் படத்தில் எரால் ஃப்ளின் கத்தி சுழற்றுகிறார். லண்டன் ஸ்காட்டிஷ் தோழர் ராத்போன் உறுமுகிறார். ரெயின்ஸோ நாற்காலியில் சாய்ந்து, கோழிக்காலைக் கடித்துக்கொண்டே ராஜ்யத்தைத் திருடத் திட்டமிடுகிறார். மூவரில் ஆபத்தானவர் யார் என்பதில் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

1939-ல் வந்த ‘ஹுவாரஸ்’ படத்தில் மூன்றாம் நெப்போலியனாக அவர் பெட் டேவிஸுடன் மோதினார். அவர் பார்த்த வெறுப்புப் பார்வையில், என் நடிப்பைத்தான் வெறுக்கிறாரோ என்று நான் நடுங்கிப்போனேன் என்று டேவிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஹாலிவுட்டில் யாருக்கும் அஞ்சாதவர் என்று பெயரெடுத்த நடிகை அவர். அந்த நடுக்கம் நீண்ட நட்பாக மாறியது; தனக்குப் பிடித்த சக நடிகர் ரெயின்ஸ்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெள்ளித்தலை செனட்டர்

அதே 1939-ல் ஃபிராங்க் காப்ராவின் ‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’ வந்தது. இங்கேதான் ரெயின்ஸின் முழு பலம் வெளிப்பட்டது. செனட்டர் ஜோசப் பெய்ன் ஒரு காலத்தில் கொள்கைவாதி. இப்போது ஊழல் முதலாளி ஜிம் டெய்லரின் கைப்பாவை. காலியான செனட் இடத்தில் வெளியுலகம் தெரியாத ஜெஃப் ஸ்மித்தைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த அந்த இளைஞன், பெய்னின் பழைய நண்பரின் மகன்.

இருவரும் ரயிலில் வாஷிங்டன் போகும் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். மகன் தன் அப்பாவைப் பற்றிப் பேசுகிறான். பத்திரிகை நடத்திய அந்த மனிதர், ஒரு சாதாரணச் சுரங்கத் தொழிலாளிக்காகப் பெரிய நிறுவனத்தை எதிர்த்தார். தன் மேசையிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். பெய்னுக்கும் எல்லாம் நினைவிருக்கிறது. ரெயின்ஸ் இங்கே பெரிதாக எதுவும் செய்வதில்லை. கேட்கிறார், தலையசைக்கிறார், பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறார். தான் யாராக இருந்தோம், இப்போது யாராக இருக்கிறோம் என்பது அந்த முகத்தில் ஒரு கணம் வந்துபோகிறது. படத்தின் கடைசியில், செனட் சபையில் பெய்ன் உடைந்து குற்றத்தை ஒப்புக்கொள்வது திடீர்த் திருப்பமாகத் தோன்றாமல் இருப்பதற்கு இந்த ரயில் காட்சிதான் காரணம். விதையை அவர் அங்கேயே போட்டுவிட்டார்.

துணை நடிகருக்கான ஆஸ்கருக்கு அவர் முதன்முறை பரிந்துரைக்கப்பட்டது இந்தப் படத்துக்குத்தான். பரிசு, அதே படத்தில் பத்திரிகையாளராக வந்த தாமஸ் மிட்செலுக்கு, ‘ஸ்டேஜ்கோச்’ என்ற வேறொரு படத்துக்காகப் போனது.

காசாபிளாங்காவின் காவல் அதிகாரி

1942-ல் மைக்கேல் கர்டிஸ் இயக்கிய ‘காசாபிளாங்கா’வில் அவர் கேப்டன் ரெனோ. நாஜிகளுக்குப் பணிந்துபோன விஷி பிரெஞ்சு அரசின் போலீஸ் அதிகாரி. லஞ்சம் வாங்குவார், நாடு தப்ப விசா கேட்டு வரும் பெண்களிடம் விலை பேசுவார். சூதாட்டம் நடப்பதாகச் சொல்லிக் கதாநாயகன் ரிக்கின் விடுதியை இழுத்து மூடும் அதே நிமிடத்தில், சூதில் ஜெயித்த பணத்தை நன்றி சொல்லி வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்.

வெறுக்க வேண்டிய ஆள். ஆனால் அவர் வரும் ஒவ்வொரு காட்சியையும் ரசிகர் விரும்பினார். காரணம், ரெனோ தன்னைப் பற்றி எந்தப் பொய்யும் சொல்லிக்கொள்வதில்லை. காற்றடிக்கும் பக்கம் சாய்கிறேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த நேர்மையின் அடியில் ஒரு தேசபக்தன் ஒளிந்திருக்கலாம் என்ற சந்தேகத்தை ரெயின்ஸ் சிறு சிறு பார்வைகளால் நமக்குள் விதைத்துக்கொண்டே வருகிறார். விமான நிலையத்தில் ஜெர்மன் மேஜரைச் சுட்ட ரிக்கைக் காட்டிக்கொடுக்காமல், வழக்கமான ஆட்களைப் பிடித்துவரச் சொல்லி அவர் உத்தரவிடுகிறார். விஷி தண்ணீர்ப் பாட்டிலைக் குப்பைக்கூடையில் போட்டுக் காலால் உதைக்கிறார். ஒரு மனிதன் பக்கம் மாறுவதை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை.

கப்பலேறி வந்தவர்களும் அகதிகளும் சேர்ந்து உருவாக்கிய படம் அது. பெயர் போட்ட நடிகர்களில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் மூன்றே பேர். நாஜி மேஜராக நடித்த கான்ராட் வெய்ட், நாஜிகளிடமிருந்து தப்பி ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். நச்சுவாயுவில் கண்ணைப் பறிகொடுத்த ரெயின்ஸுக்கும் போர் என்பது ஏட்டில் படித்த சங்கதியாக இருக்கவில்லை.

1944-ல் ‘மிஸ்டர் ஸ்கெஃபிங்டன்’ வந்தது. பெட் டேவிஸின் யூதக் கணவராக நடித்த ரெயின்ஸ், நாஜி வதைமுகாமிலிருந்து பார்வை இழந்து திரும்புகிறார். ஒரு கண்ணில் இருளோடு வாழ்ந்த மனிதர் அந்தக் காட்சியை எதை நினைத்து நடித்திருப்பார் என்று யோசிக்காமல் அதைக் கடக்க முடியவில்லை.

வில்லனுக்காக வருந்த வைத்தவர்

என் கணக்கில் அவருடைய உச்சம் ஹிட்ச்காக்கின் ‘நட்டோரியஸ்’, 1946. ரியோ டி ஜெனிரோவில் பதுங்கியிருக்கும் நாஜிக் கும்பலைச் சேர்ந்தவர் அலெக்ஸாண்டர் செபாஸ்டியன். மது பாட்டில்களுக்குள் யுரேனியத் தாது மறைத்துவைத்திருக்கும் வீடு அவருடையது. அமெரிக்க உளவாளியான இங்க்ரிட் பெர்க்மன் அவரைக் காதலிப்பதுபோல் நடித்து மணக்கிறார். உண்மையில் அவர் நெஞ்சில் இருப்பவர் கேரி கிராண்ட்.

பெர்க்மன் ரெயின்ஸைவிட உயரம். சில காட்சிகளில் சாய்தளப் பலகை வைத்து, அதன்மேல் அவரை நடக்கவைத்துச் சமாளித்தார் ஹிட்ச்காக். ஆனால் அந்த உயரக்குறைவே கதைக்குச் சாதகமானது. அழகான இளம் மனைவி தனக்குக் கிடைத்ததை நம்ப முடியாமல் தவிக்கும் நடுவயது மனிதனாக ரெயின்ஸ் வாழ்ந்தார். அவருடைய அம்மாவாக வரும் லியோபோல்டின் கான்ஸ்டன்டின் நிஜத்தில் ரெயின்ஸைவிட மூன்றே வயது மூத்தவர். இருந்தும் அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தான் கட்டிக்கொண்டவள் ஒற்றர் என்று அவர் சொல்லும்போது, உடைந்துபோன ஒரு சிறுவனைத்தான் நாம் பார்க்கிறோம்.

முடிவில், விஷம் கொடுக்கப்பட்ட பெர்க்மனைத் தாங்கிக்கொண்டு கிராண்ட் மாடிப்படி இறங்குகிறார். கீழே கூட்டாளிகள் நிற்கிறார்கள். உண்மை தெரிந்தால் செபாஸ்டியனைக் கொன்றுவிடுவார்கள். அதனால் அவரும் கூடவே இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போவதாக நடிக்க வேண்டியிருக்கிறது. காருக்கு அருகில் வந்ததும் தன்னையும் ஏற்றிக்கொள்ளும்படி கெஞ்சுகிறார். கார்க் கதவு பூட்டப்படுகிறது, வண்டி போய்விடுகிறது. வீட்டு வாசலிலிருந்து ஒரு கூட்டாளி கூப்பிடுகிறான். ரெயின்ஸ் திரும்பிப் படியேறுகிறார். ஓடவில்லை, கத்தவில்லை. காதல் ஜோடி தப்பித்த சந்தோஷத்தைவிட அந்த நாஜிக்காக எழும் பரிதாபம் நம்மை அதிகம் சங்கடப்படுத்துகிறது. கெட்டவனையும் உள்ளிருந்து பார்க்க வைத்ததுதான் ரெயின்ஸின் சாதனை.

பண்ணையும் மேடையும்

ஹாலிவுட் விருந்துகளில் அவருக்கு நாட்டமில்லை. 1939-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1941-ல் பென்சில்வேனியாவின் செஸ்டர் கவுண்டியில் ‘ஸ்டாக் கிரேஞ்ச்’ என்ற பெரிய பண்ணையை வாங்கினார். படப்பிடிப்பு முடிந்தால் நேரே அங்கே போய்விடுவார். குடும்ப வாழ்க்கையில் நிம்மதி நிலைக்கவில்லை. ஆறு முறை மணம் செய்தார். மண்ணும் பயிரும் தந்த அமைதியே அவருக்குப் பெரிதாக இருந்தது.

மேடையையும் அவர் மறக்கவில்லை. 1951-ல் நியூயார்க்கில் ‘டார்க்னஸ் அட் நூன்’ நாடகத்தில், தான் வளர்த்த கட்சியாலேயே சிறையில் தள்ளப்படும் பழைய புரட்சிக்காரர் ருபஷோவாக நடித்தார். சிறந்த நடிகருக்கான டோனி விருது அவருக்குக் கிடைத்தது. கொள்கைக்கும் செய்த காரியங்களுக்கும் நடுவில் நசுங்கும் மனிதனின் வேடம். செனட்டர் பெய்னின் தூரத்து உறவு என்றே சொல்லலாம்.

1962-ல் டேவிட் லீனின் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் பிரிட்டிஷ் அரசின் சூட்சுமங்கள் அனைத்தும் அறிந்த டிரைடனாக வந்தபோது அவருக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. பிரம்மாண்டமான பாலைவனப் படத்தில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அறைக்குள் நடக்கும் சில காட்சிகள்தான். அவை போதுமானவையாக இருந்தன. 1967 மே 30 அன்று, நியூ ஹாம்ப்ஷயரில், 77 வயதில் காலமானார்.

துணை நடிகருக்கென்று ஆஸ்கர் விருதே 1936-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. அதன் முதல் பதினோரு ஆண்டுகளுக்குள் ரெயின்ஸ் நான்கு முறை பரிந்துரைக்கப்பட்டார்: ‘மிஸ்டர் ஸ்மித்’, ‘காசாபிளாங்கா’, ‘ஸ்கெஃபிங்டன்’, ‘நட்டோரியஸ்’. நான்கு முறையும் வெறுங்கையோடு திரும்பினார். இது அவருக்கு நேர்ந்த அநியாயம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்த நான்கு படங்களையும் இன்று பார்ப்பவர்கள், அவர் இல்லாமல் அவற்றைக் கற்பனை செய்துபார்த்தால் போதும். எதிரில் நிற்பவனுக்கு மனசாட்சி இருந்தால்தான் நாயகனின் வெற்றிக்கு விலை கிடைக்கும். அந்த விலையைக் கொடுக்க, ரகரம் வராத நாக்கோடு தொடங்கிய ஒருவர் அரை நூற்றாண்டு உழைத்தார்.

அடுத்த வாரம்: ‘காசாபிளாங்கா’வில் ரெயின்ஸுடன் நடித்த சிட்னி கிரீன்ஸ்ட்ரீட். பதினெட்டு வயதில் தேயிலைத் தோட்டம் போடும் கனவோடு இலங்கைக்குக் கப்பலேறி, வறட்சியிடம் தோற்று ஊர் திரும்பியவர். 61 வயதில் முதல் படத்தில் நடித்து, அந்த முதல் படத்துக்கே ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர்.

(தொடரும்)